சலவைக்கு நிற்கும் சித்திரம்

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையின் பெருமையைச் சொல்லத் தொடங்குகிறவர்கள், அதன் கட்டங்களையும் அகன்ற கரையையும், கடுகு மஞ்சள், செங்கற் சிவப்பு, கறுப்பு ஆகிய நிறங்களின் தயக்கமற்ற சேர்க்கையையும் வர்ணித்து முடித்த பிறகு, துவைக்கத் துவைக்க நூல் மெதுவாகுமே தவிரச் சாயம் விட்டுக்கொடுக்காது என்ற ஒரு வாக்கியத்தையும் தவறாமல் சேர்த்துக்கொள்வது வழக்கம். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அந்தச் சேலை, செட்டிநாட்டுக் கிணற்றடிகளில் துவைகல்லின் மீது அடிபட்டு அடிபட்டே தன் கீர்த்தியைச் சம்பாதித்தது. அதே காரைக்குடியில் இன்றைக்குக் கபடிக் குழுவின் பெயரையும், பள்ளி விளையாட்டு விழாவுக்குரிய எண்களையும், மஞ்சுவிரட்டு பார்க்கக் கூட்டமாகப் புறப்படும் இளைஞர்கள் தங்கள் மார்பில் ஏந்த விரும்பும் காளையின் உருவத்தையும், கேட்ட அரைமணி நேரத்தில் டி-ஷர்ட்டின் மீது பதித்துத் தருகிற சிறு கடைகள் இருக்கின்றன. கணினியில் வரைந்த சித்திரத்தை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டு, அந்தத் தாளைத் துணியின் மேல் கவிழ்த்து, ஹீட் பிரஸ் என்று எல்லாரும் அழைக்கிற அந்த இரும்பு யந்திரத்தின் வாயை மூடிப் பத்துப் பதினைந்து விநாடிக்குப் பின் திறந்தால், சித்திரம் துணியில் இருக்கிறது. தாள் வெறுமையாகக் கையோடு வந்துவிடுகிறது. கடையை விட்டு வெளியே வரும்போது எல்லாச் சட்டையும் ஒன்றுபோலவே பளபளக்கின்றன. நாலு சலவை கழிந்தபின் பார்த்தால், ஒன்றில் சித்திரம் புதிதுபோல நிற்கிறது. மற்றொன்றில் ஓரம் சுருண்டு, நடுவில் வெடித்து, காளைக்கு ஒரு கொம்பு காணாமற் போயிருக்கிறது.

இந்த வேறுபாட்டுக்குச் சோப்பையும் சலவை யந்திரத்தையும் குற்றம் சொல்வது சுலபம். ஆனால் சட்டையின் தலைவிதி பெரும்பாலும் சலவைக்கு முன்பே, அதிலும் அந்தப் பத்துப் பதினைந்து விநாடிக்குள்ளேயே நிர்ணயமாகிவிடுகிறது என்பதுதான் உண்மை. பழங்காலத்துச் சாயத்தொழிலாளி வாரக்கணக்கில் செய்த ஒரு காரியத்தை இந்த யந்திரம் ஒரு மூச்சில் செய்ய முயல்கிறது. அந்தக் காரியம் இன்னதென்று விளங்கிவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

நிறம் துணியில் நிலைப்பதற்கு ஒரு விசித்திரமான நிபந்தனை உண்டு. நிலையாக இருக்கவேண்டிய வஸ்து, ஒரு க்ஷணமாவது நிலையற்றதாக, ஓடக்கூடியதாக, இழைக்குள் புகக்கூடியதாக இருந்தாக வேண்டும். புகுந்த பிறகு அந்த ஓடும் குணத்தை அது அடியோடு இழந்துவிட வேண்டும். முதலாவது நிகழாவிட்டால் நிறம் மேலாகப் படிந்த தூசியாகவே இருக்கும். இரண்டாவது நிகழாவிட்டால் எப்படி வந்ததோ அப்படியே தண்ணீரோடு போய்விடும். அவுரியை எடுத்துக்கொள்வோம். நீலம் தண்ணீரில் கரையாத பொருள். அதைக் காரமும் ஆக்ஸிஜனைப் பறிக்கும் பதார்த்தங்களும் நிறைந்த தொட்டியில் இட்டால், அது மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு கரையும் வடிவத்தை அடைந்து பருத்தி நூலுக்குள் ஊறுகிறது. நூலைத் தூக்கிக் காற்றில் பிடித்தால், காற்றிலுள்ள ஆக்ஸிஜன் சேர்ந்து, கண்ணெதிரே நீலம் திரும்பி வருகிறது. வந்தவுடனே மறுபடியும் கரையாத பொருளாகி இழையின் உள்ளே சிறைப்பட்டுவிடுகிறது. 1901-இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனத்தில் ரெனே போன் கண்டுபிடித்த இண்டாந்திரோன் முதலாகப் பின்னால் வந்த வாட் சாயங்கள் அனைத்தும் இதே தத்துவத்தின் மீது நிற்பவை. சோழமண்டலக் கரையின் சிவப்புக்கு ஆதாரமாக இருந்த சாயவேரோ வேறொரு வழியைப் பின்பற்றியது: முதலில் படிகாரம் நூலில் ஏறியது, பின்னர் வேரின் சாரம் வந்து அந்தப் படிகாரத்திலுள்ள அலுமினியத்தோடு இணைந்து கரையாத ஒரு கூட்டுப்பொருளாக அங்கேயே உறைந்தது. இரண்டிலும் நிகழ்வது ஒன்றே: கரைந்து போ, உள்ளே போனதும் கரையாதே.

இப்போது சட்டைக்கு வருவோம். உஷ்ணத்தைக் கொண்டு சித்திரத்தை மாற்றும் முறைகளில், இந்தப் பழைய தத்துவத்துக்கு மிக நெருக்கமானது சப்ளிமேஷன் என்பது. 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியெஸ்டர் இழையை உண்டாக்கியபோது, அதற்குச் சாயம் ஏற்றுவது பெரிய பிரச்சினையாக இருந்தது; ஏனென்றால் அது தண்ணீரை அருகில் சேர்க்காத இழை. தண்ணீரில் மிகக் கொஞ்சமாகவே கரைந்து, நுண்ணிய தூளாகச் சிதறி நிற்கும் டிஸ்பெர்ஸ் சாயங்கள்தாம் அதற்கு ஒத்துவந்தன. அந்தச் சாயங்களிற் சில, உஷ்ணம் 190 டிகிரியை ஒட்டி ஏறும்போது, உருகித் திரவமாகாமலே நேராக ஆவியாகின்றன என்பதைத் துணியில் அச்சிடப் பயன்படுத்தலாம் என்று 1957-இல் பிரான்சு தேசத்தின் நோயெல் டெ பிளாஸ் கண்டார். காகிதத்தில் அச்சிட்ட சித்திரத்தைப் பாலியெஸ்டர் துணியோடு சேர்த்து 200 டிகிரி அளவில் ஏறக்குறைய ஒரு நிமிஷம் அழுத்தினால், சாயம் ஆவியாகிறது. அதே சமயத்தில், 70, 80 டிகிரி வரையில் கண்ணாடிபோல் விறைத்துக் கிடந்த பாலியெஸ்டரின் மூலக்கூற்றுச் சங்கிலிகள் அந்தச் சூட்டில் அசைந்து நெளிந்து, தமக்கிடையே நுண்ணிய இடைவெளிகளைத் திறக்கின்றன. ஆவி அந்த வழியே நுழைகிறது. துணி ஆறியதும் வாசல் சாத்திக்கொள்கிறது. சித்திரத்தின் மேல் விரலை ஓட்டினால் தடிப்பே தெரியாது. ஏனென்றால் துணிக்கு மேலே ஒன்றுமே இல்லை, எல்லாம் இழைக்குள் இருக்கிறது. இத்தகைய அச்சு சலவையில் உரிய வழியே இல்லை. உரிவதற்கு ஏடு வேண்டுமே!

ஆனால் இந்த முறைக்கு இரண்டு குறை உண்டு. சாயம் ஒளி ஊடுருவக்கூடியதாகையால் வெள்ளைத் துணியிலோ மிக வெளிறிய துணியிலோதான் அது எடுபடும். கறுப்புச் சட்டையில் எந்தச் சித்திரமும் தெரியாது. அதைவிட முக்கியமானது, பருத்தி அதை ஏற்பதில்லை என்பது. பருத்தி இழைக்குள் டிஸ்பெர்ஸ் சாயம் தங்கக்கூடிய இடம் இல்லை; சூட்டில் அதன் சங்கிலிகள் இளகுவதும் இல்லை; மேலும் சூடேற்றினால் கருகத்தான் செய்யும். பருத்திச் சட்டையில் சப்ளிமேஷன் செய்தால் முதல் சலவையிலேயே பாதிச் சித்திரம் வாளித் தண்ணீரில் தெரியும். வெயில் கொளுத்தும் சிவகங்கைச் சீமையில் பருத்திப் பனியனை விட்டுப் பாலியெஸ்டருக்குள் மனிதர்களைத் திணிப்பது எனக்கு உசிதமாகப் படவில்லை. ஆகவே பருத்திக்கு என்ன வழி என்பதே நமக்கு முக்கியம்.

பருத்திக்கு வழி, உள்ளே போகாமல் பிடித்துக்கொள்வது. வினைல் என்று கடைகளில் சொல்லப்படும் வெட்டு எழுத்துகளானாலும், இப்போது எங்கும் பரவியிருக்கும் டி.டி.எஃப். (டைரக்ட் டு ஃபிலிம்) தாள்களானாலும், அவற்றில் சித்திரம் ஒரு மெல்லிய ஏடு. அதன் அடியில், சூட்டில் இளகிச் சூடு தணிந்தால் இறுகும் ஒரு பசை இருக்கிறது. டி.டி.எஃப். முறையில் அந்தப் பசை, ஈர மையின் மேல் மாவு தூவுவது போலத் தூவப்பட்ட பாலியூரித்தேன் தூள். 100 டிகிரிக்குச் சற்று மேலே இளகத் தொடங்கும் அந்தத் தூள், 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் கெட்டியான பாகின் நிலையை அடைகிறது. அப்போது அது செய்யவேண்டிய வேலை என்ன என்று உருப்பெருக்கியின் வழியே பார்த்தால்தான் விஷயம் விளங்கும். நம் கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற பனியன் துணி உண்மையில் வளையங்களால் பின்னப்பட்ட காடு. ஒவ்வொரு வளையமும் ஒரு நூல்; ஒவ்வொரு நூலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேற்படாத பருமனும் உள்ள, நாடாபோல் தட்டையாகி முறுக்கிக்கொண்ட நூற்றுக்கணக்கான இழைகளின் திரட்சி. பாகு அந்த இழைகளைச் சுற்றி வளைத்து, அவற்றுக்கிடையே இறங்கி, அங்கேயே இறுக வேண்டும். இறுகிய பிறகு ஏட்டை உரிக்கவேண்டுமானால் ஒன்று பசை அறுபட வேண்டும், அல்லது இழைகள் அறுபட வேண்டும். இந்த யாந்திரிகப் பிடிப்போடு, பருத்தியின் செல்லுலோஸுக்கும் பாலியூரித்தேனுக்கும் இடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் என்னும் மெல்லிய ரசாயனக் கவர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. பாகு இறங்காமல் வளையங்களின் உச்சியை மாத்திரம் தொட்டுக்கொண்டு நின்றுவிட்டால், பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் ஆயிரம் இழைகளில் பிடிக்கவேண்டியது ஐம்பது இழைகளில் பிடித்துக்கொண்டிருக்கும்.

இறங்குவதற்கு முதல் விரோதி தண்ணீர். உலர்ந்ததாக நாம் நினைக்கிற பருத்தித் துணி ஒருபோதும் உலர்ந்ததல்ல. சாதாரணக் காற்றில் அது தன் எடையில் ஏறக்குறைய 8 சதவிகிதம் ஈரத்தை வைத்துக்கொண்டிருக்கிறது; பாலியெஸ்டரோ அரை சதவிகிதத்தைக்கூட எட்டுவதில்லை. சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள பனியன் துணியில் 30 சென்டிமீட்டர் சதுரமான ஒரு சித்திரத்தைப் பதிப்பதாக வைத்துக்கொண்டால், அந்தச் சதுரத்தின் கீழே உள்ள துணியின் எடை 16 கிராம். அதிலுள்ள தண்ணீர் ஒன்றேகால் கிராம். அற்பம் என்று தோன்றும். ஆனால் அந்த ஒன்றேகால் கிராம் தண்ணீர் சூட்டில் நீராவியாக மாறினால் இரண்டு லிட்டர் இடத்தைக் கேட்கும்! அந்த இரண்டு லிட்டர் ஆவியும், இளகிக்கொண்டிருக்கும் பசைக்கும் இழைக்கும் நடுவே புகுந்து வெளியேற வழி தேடும்போது பசை எங்கே இறங்கும்? அதனால்தான் விஷயம் தெரிந்த தொழிலாளி, தாளை வைப்பதற்கு முன் வெறுஞ்சட்டையை மாத்திரம் நாலைந்து விநாடி அழுத்தி, யந்திரத்தைத் திறந்து, புகைபோல் ஆவி எழுவதைப் பார்த்துவிட்டு மேலே செல்கிறான். ஐப்பசி கார்த்திகை அடைமழையில், காற்றே நனைந்திருக்கும் நாட்களில், அதை இரண்டு முறை செய்வது வீண்போகாது. செட்டிநாட்டு வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு பூசிய கொத்தனார், பூசுவதற்கு முன் சுவரை நீர்விட்டு நனைத்துப் பதப்படுத்தினார். இவனோ உலர்த்திப் பதப்படுத்துகிறான். செய்கை தலைகீழானாலும் நோக்கம் ஒன்றுதான்.

இரண்டாவது விரோதி கண்ணுக்குத் தெரியாதது. கடையில் புதிதாக வாங்கும் பனியன் தொட்டவுடன் வழுவழுப்பாக இருக்கவேண்டும் என்பதற்காக, சாயம் ஏற்றிய பின் கடைசியாக சிலிக்கோன் முதலிய மென்மையூட்டிகளில் துணி தோய்த்தெடுக்கப்படுவதுண்டு. இழையைச் சுற்றி எண்ணெய்ப் பூச்சுப்போல நிற்கும் அந்த வஸ்து, பாகு இழையை நனைப்பதைத் தடுக்கிறது. தாமரை இலையில் நீர் நிற்பதைப் பற்றி நாம் அறிந்ததே இங்கே பாகுக்கும் பொருந்துகிறது. பூச்சு ஒட்டுமா ஒட்டாதா என்பது பூச்சைவிட, பூசப்படும் பரப்பின் சுத்தத்தைப் பொறுத்தது என்ற சங்கதியைக் காரைக்குடிக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. டாக்டர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததன் பலனாக, 1948 ஜூலை 25-இல் நேருவால் அடிக்கல் நாட்டப்பெற்று 1953 ஜனவரி 14-இல் டாக்டர் ராதாகிருஷ்ணனால் திறந்துவைக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. உலோகத்தின் மேல் உலோகத்தைப் படியவைக்கும் மின்முலாம் அங்கே ஆராயப்படும் துறைகளுள் ஒன்று. முலாம் பூசும் எந்தப் பட்டறையிலும் முதல் வேலை, எண்ணெய்ப் பிசுக்கு சிறிதும் இல்லாதபடி தகட்டைக் கழுவுவது. அதே அழகப்பர் 1944-இல் சென்னையில் தம் பெயரால் அமைந்த தொழில்நுட்பக் கல்லூரிக்கும் கொடை வழங்கினார். அங்கே கற்பிக்கப்பட்ட பாடங்களில் துணித் தொழில்நுட்பமும் ஒன்று. உலோகத்துக்கும் துணிக்கும் வாரிக் கொடுத்த ஒருவரின் பெயர் விளங்கும் ஊரில், பனியனை ஒருமுறை வெறும் சோப்பில் அலசி உலர்த்திவிட்டு அச்சிடுங்கள் என்று கடைக்காரரிடம் சொல்வது அதிகப்பிரசங்கம் ஆகாது. கம்ஃபர்ட் முதலிய மென்மையூட்டும் வாசனைத் திரவங்களை அந்தச் சலவையில் சேர்த்தால் மட்டும், பட்ட பாடு வீண்.

இனி நேரமும் அழுத்தமும். சூடான தகட்டிலிருந்து பசை வரையிலுள்ள தாளும் ஏடும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கனம் இருக்கலாம். பிளாஸ்டிக்கின் வழியே உஷ்ணம் பரவும் வேகத்தைக் கொண்டு கணக்கிட்டால், அந்தக் கனத்தைக் கடக்க உஷ்ணத்துக்கு அரை விநாடியே போதும். அடியிலிருக்கும் துணியும் ரப்பர் மெத்தையும் உறிஞ்சிக்கொள்வதை ஈடுசெய்ய இன்னும் சில விநாடி. அப்படியானால் பதினைந்து விநாடி எதற்கு? பாகு இறங்குவதற்கு. கெட்டியான திரவம் நுண்ணிய இடுக்குகளில் நுழையும் ஆழம், அழுத்தத்தையும் நேரத்தையும் பெருக்கி, திரவத்தின் பிசுபிசுப்பால் வகுத்து, அதன் வர்க்கமூலம் எடுத்தாற்போன்ற ஒரு விதிக்கு உட்பட்டது. நேரத்தை இரட்டித்தால் ஆழம் இரட்டிப்பதில்லை. நூற்றுக்கு நாற்பது பங்குதான் கூடுகிறது. அழுத்தத்துக்கும் அதே கணக்கு. சூடு கூடினால் மட்டும் பிசுபிசுப்பு மளமளவென்று குறைந்து, ஆழம் திடீரென்று பெருகிவிடும். அதிலும் ஆபத்து இருக்கிறது. மிதமிஞ்சி நீர்த்த பசை துணியின் மறுபக்கம்வரை இறங்கிவிட்டால், ஏட்டுக்கும் துணிக்கும் நடுவே பிடிப்பதற்குப் பசையே மிஞ்சாது. குறைந்த சூட்டில் ஒட்டாதது போலவே அதிகச் சூட்டிலும் ஒட்டாமற் போகும் என்பதை ஒப்புக்கொள்ளாமல், உரிந்து வந்த சட்டைகளைக் கண்டதும் அடுத்த தடவை பத்து டிகிரி ஏற்றிவைக்கிற கடைக்காரர்கள் பலர்.

இவ்விடத்தில் இஸ்திரிப்பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டிலேயே இஸ்திரி போட்டு ஒட்டிக்கொள்ளலாம் என்று விற்கப்படும் தாள்கள் உண்டு; அவற்றை வாங்கி ஏமாந்தவர்களும் உண்டு. தெருமுனை வண்டியில் கரி நிரம்பிக் கனலும் பெட்டி ஆறு கிலோ இருக்கட்டும். அதன் அடித்தகடு 200 சதுர சென்டிமீட்டர் இருக்கட்டும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விழும் பாரம் 30 கிராம்தான்! நெம்புகோலால் இறுக்கிப் பூட்டுகிற ஹீட் பிரஸ் தருவதோ அதைப்போல் பல மடங்கு. மின்சாரப் பெட்டியில் இன்னொரு தொல்லை. நீராவித் துளைகள் உள்ள இடத்தில் சூடும் இல்லை, அழுத்தமும் இல்லை. மேலும் உள்ளிருக்கும் சாதனம் அணைந்து எரிந்துகொண்டிருப்பதால் தகட்டின் சூடு இடத்துக்கு இடம், நிமிஷத்துக்கு நிமிஷம் வேறுபடும். வேறு கதி இல்லையென்றால், துளையில்லாத பெட்டியை, மெத்தை விரிக்காத கெட்டிப் பலகையின் மேல், தேய்க்காமல், இடம் இடமாக ஊன்றி உடம்பின் பாரத்தை அதன்மேல் சாய்த்து நிற்கவேண்டும். தேய்ப்பது கூடவே கூடாது. இளகிய ஏடு நகர்ந்துவிடும்.

யந்திரத்தைத் திறந்த பிறகும் காரியம் முடியவில்லை. தாளைச் சூட்டோடு உரிப்பதா, ஆறவிட்டு உரிப்பதா என்பது அந்தத் தாளைப் பொறுத்தது. சில தாள்களில் மைக்கும் தாளுக்கும் நடுவே மெழுகு போன்ற ஒரு படலம் இருக்கிறது. அது இளகியிருக்கும்போதே இழுத்தால்தான் சுலபமாக விடும். மற்றவற்றில் பசை துணியை முழுப் பலத்தோடு பற்றுவதற்கு ஆறவேண்டும்; அவசரப்பட்டு இழுத்தால், இன்னும் பாகாக இருக்கும் பசை நூல்நூலாக நீண்டு, பாதி தாளோடு போய்விடும். எப்படி உரித்தாலும், உரித்தபின் டெஃப்லான் ஷீட் ஒன்றை மேலே விரித்து இரண்டாம் முறை ஐந்தாறு விநாடி அழுத்துவதுதான், என் அபிப்பிராயத்தில், இந்தத் தொழிலில் மிகக் குறைவாகச் செய்யப்படுவதும் மிக அதிகப் பலன் தருவதுமான ஒரே காரியம். 1938-இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்ட டெஃப்லான் எதிலும் ஒட்டாத பதார்த்தம். கெட்டித் தாள் தடுத்துக்கொண்டிருந்த ஏடு, இப்போது தாளின்றி நெகிழ்ந்து, துணியின் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப உட்கார்ந்துகொள்கிறது. சலவையில் முதலில் தூக்கிக்கொள்ளும் ஓரங்கள் இந்த இரண்டாம் அழுத்தத்தில்தான் உண்மையாகப் படிகின்றன.

விளையாட்டு ஜெர்சிகளுக்கு வேறொரு வினோத வியாதி உண்டு. சிவப்புப் பாலியெஸ்டர் ஜெர்சியில் வெள்ளை எண்ணைப் பதித்துக் கொடுப்பார்கள். அன்றைக்குப் பால்போல் இருந்த எண், ஒரு வாரத்தில் ரோஜா நிறம் அடைந்துவிடும். குற்றம் மையிலும் இல்லை, சலவையிலும் இல்லை. முன்னே நாம் பாராட்டிய அதே சப்ளிமேஷன்தான் இங்கே துரோகம் செய்கிறது: ஜெர்சிக்கு ஏற்றிய டிஸ்பெர்ஸ் சாயம், ஹீட் பிரஸ்ஸின் சூட்டில் விடுதலை பெற்று, தன் இழையை விட்டுக் கிளம்பி, மேலே இருக்கும் வெள்ளை ஏட்டுக்குள் குடியேறிவிடுகிறது. பிளாஸ்டிக் ஏட்டில் அதன் சஞ்சாரம் சாதாரண உஷ்ணத்திலும் மெதுவாகத் தொடர்வதால், நாளாக ஆக நிறம் கூடும். இதற்குப் பரிகாரம், 130 டிகிரிக்குக் கீழேயே இளகும் பசையைத் தேர்ந்துகொள்வதும், வெள்ளைக்கு அடியில் கரித்தூள் கலந்த ஒரு சாம்பல்நிறப் படலத்தை வைத்துச் சாயத்தை வழியில் மறிப்பதும்.

இனிச் சலவை. பதித்தவுடன் துவைக்காமல் ஒரு நாள் பொறுக்கச் சொல்வதில் சாஸ்திரம் இருக்கிறது. பாலியூரித்தேனில் விறைப்பான பகுதிகளும் நெகிழ்வான பகுதிகளும் மாறிமாறிக் கோத்த நீண்ட சங்கிலிகள் உள்ளன. உருகிக் கலைந்துபோன அவை, விறைப்பானவை விறைப்பானவற்றோடு கூடி மறுபடியும் வரிசைப்படச் சில மணி நேரம் பிடிக்கும். அதுவரையில் பசை தன் முழுப் பலத்தை அடைவதில்லை. அதன் பிறகு வரும் ஒவ்வொரு சலவையும் மூன்று விதமாகச் சித்திரத்தைப் பரீட்சிக்கிறது. முதலாவது, பருத்தி இழை தண்ணீரில் நீளாமல் பருக்கிறது, ஏடு பருப்பதில்லை, ஆகவே ஒவ்வொரு முறை நனையும்போதும் உலரும்போதும் இரண்டுக்கும் நடுவே ஓர் இழுபறி உண்டாகிறது. இரண்டாவது, கசக்குவதும் பிழிவதும். பனியன் துணி இழுத்த பக்கம் நீளும். ஏடு அந்த அளவுக்கு நீளாது. ஸ்க்ரீன் முறையில் பிளாஸ்டிசால் மையால் செய்த தாள்களில் இந்தக் குறை வெளிப்படையாகத் தெரியும். பி.வி.சி. துகள்கள் எண்ணெய் போன்ற ஒரு நெகிழ்வூட்டியில் மிதப்பதே அந்த மை. 160 டிகிரியை ஒட்டிய சூட்டில் துகள்கள் நெகிழ்வூட்டியை முழுவதும் உறிஞ்சி ஒன்றோடொன்று கலந்தால்தான் அது ரப்பர்போல் நீளும். அரைகுறையாகச் சூடேறியது வெயிலில் காய்ந்த கண்மாய்த் தரைபோலப் பாளம் பாளமாக வெடிக்கும். சட்டையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுத் துவைக்கச் சொல்வது இந்த உராய்விலிருந்து ஏட்டைக் காக்கவே. துவைகல்லில் அடிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கண்டாங்கிக்கு அது ஒரு மரியாதை, டி-ஷர்ட்டுக்கு அது மரணதண்டனை.

மூன்றாவது சோதனை தண்ணீரிலும் அதில் கலந்ததிலும் இருக்கிறது. நெடுநேரம் காரத்தில் ஊறுவது பசைச் சங்கிலிகளை நீராற்பகுப்பினால் துண்டிக்கும். எஸ்டர் வகைப் பாலியூரித்தேன் இதற்கு அதிகமாகவும், ஈதர் வகை குறைவாகவும் இலக்காகும். இரவெல்லாம் சோப்புத்தூளில் ஊறவைத்துக் காலையில் அலசும் பழக்கம் இந்தச் சட்டைகளுக்கு ஆகாது. தண்ணீரின் சூடும் முக்கியம்: ஏறத்தாழ 100 டிகிரியில் இளகும் பசை 60, 70 டிகிரியில் உருகாது என்றாலும் தளரும், தளர்ந்த நேரத்தில் கசக்கினால் பிடி நழுவும். உப்புக் கிணற்று நீரில் கால்சியம் மிகுந்திருந்தால், கட்டிச் சோப்பின் கொழுப்பமிலத்தோடு அது சேர்ந்து பிசுபிசுப்பான வெண்கசடாக, ஓரங்களின் அடியில் போய்ப் படியும். ஊர்தோறும் மழைநீரைத் தேக்கி ஊருணி வெட்டிவைத்தவர்கள் குடிநீரை உத்தேசித்தே அதைச் செய்தார்கள். கடினமற்ற அந்த நீர் சலவைக்கும் உத்தமமானது. கிணற்று நீரே கதி என்றால் கட்டிச் சோப்பை விட்டு டிடர்ஜென்ட் திரவத்துக்கு மாறுவது நலம். அது கால்சியத்தோடு அவ்வாறு கசடாவதில்லை. உலர்த்துவதை நிழலில் செய்யவேண்டும். செட்டிநாட்டுச் சித்திரை வெயிலின் புறஊதாக் கதிர் துணியிலுள்ள கிருமிகளைக் குறைக்கும். ஆனால் மலிவான பாலியூரித்தேனை மஞ்சளாக்கி நொறுங்கவும் செய்யும்.

இவ்வளவையும் அளந்து பார்க்க ஏற்பாடு இல்லாமலில்லை. ஐ.எஸ்.ஓ. 6330 என்னும் சர்வதேசத் தரம், துணியை எந்தச் சூட்டில், எந்தச் சோப்பில், எப்படித் துவைத்துச் சோதிப்பது என்று வகுத்துத் தருகிறது. 105-சி06 என்னும் மற்றொன்று, துவைத்தபின் நிறம் எவ்வளவு மாறியது என்பதைச் சாம்பல்நிற அளவுச்சட்டத்தோடு ஒப்பிட்டு 5 முதல் 1 வரை மதிப்பிடும் முறையைச் சொல்கிறது. 5 என்றால் மாற்றமே இல்லை. ஏற்றுமதிப் பனியன்களுக்கு இவையெல்லாம் நித்திய கருமம். தெருக்கடையில் யாரும் அதை எதிர்பார்க்க முடியாதுதான். ஆயினும் நூறு ஜெர்சிக்கு முன்பணம் கொடுக்கும் விளையாட்டுக் குழு, ஒரே ஒரு சட்டையை முதலில் அச்சிட்டு வாங்கி, வீட்டில் ஐந்து தடவை துவைத்துப் பார்த்துவிட்டு மீதியைச் செய்யச் சொல்வதற்கு எந்த ஆய்வுக்கூடமும் வேண்டாம். இப்படிக் கேட்டால் முகம் சுளிக்கிற கடையைவிட, சரி என்கிற கடை மேல்.

ஓரம் தூக்கிய பிறகு செய்யக்கூடியது ஒன்று உண்டு. பசை சூட்டில் மீண்டும் இளகும் இனத்தைச் சேர்ந்ததாகையால், தூக்கியதை முதல் இரண்டொரு சலவைக்குள் கண்டுபிடித்தால், சட்டையைச் சோப்பு சிறிதுமின்றி அலசி, நன்றாக உலர்த்தி, ஈரம் போக வெறுமனே ஒருமுறை அழுத்தி, பின்பு டெஃப்லான் ஷீட்டின் கீழே பழைய சூட்டில் மறுபடியும் அழுத்தினால், பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். நாட்கள் கடந்து, தூக்கிய ஓரத்தின் அடியில் பருத்தித் துசும்பும் சோப்புக் கசடும் புகுந்து அடைந்துவிட்டால், பசை எத்தனை முறை உருகினாலும் அந்தத் துசும்பைத்தான் பிடித்துக்கொள்ளும்; துணியைப் பிடிக்காது. இரண்டு பொருள்களைக் கலந்து, ரசாயனக் கிரியையால் குறுக்குப் பிணைப்பு உண்டாக்கி இறுகவைத்த மைகளுக்கோ இந்த இரண்டாம் வாய்ப்பும் இல்லை; அவை ஒரு தரம் இறுகினால் பிறகு எந்தச் சூட்டிலும் கருகுமேயொழிய இளகா. சட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பிப் போகிறவர், பதித்தது எந்த வகை என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இதனால்தான்.